டிவைஸ் டிரைவர் துறையில் ஆசிரியராகவும் ஆலோசகராகவும் வளர்வது எப்படி: மூத்தவர்கள் வந்த வழியும் புதியவர்களுக்கான படிகளும்

வன்பொருளை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல்தான் டிவைஸ் டிரைவர்; அதை எழுதுவோர் மென்பொருள் உலகில் சிறுபான்மையினர். அவர்களிலும் இருபது, முப்பது ஆண்டுகள் எழுதிப் பழுத்து, பிறகு அதையே கற்பித்தும் ஆலோசனை சொல்லியும் வாழ்பவர்கள் மிகச் சிலர். அந்த இடத்துக்குப் போக ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்தப் பட்டம் வேண்டும், எந்தச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதைத்தான். மூத்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வரிசையாக எடுத்துப் படித்தால் பட்டத்தில் எந்த ஒற்றுமையும் தெரியவில்லை. ஒருவர் மின்னணுப் பொறியாளர், இன்னொருவர் வானியற்பியலாளர், வேறொருவர் அப்பாவின் கணினியில் தானாகக் கற்றவர். ஒற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. ஏதாவது ஒரு சாதனத்தோடு அல்லது கெர்னல் என்னும் இயங்குதள மையத்தின் ஒரு பகுதியோடு விடாமல் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கற்றுக்கொண்டதை அவ்வப்போது பலரும் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசிரியப் பணியும் ஆலோசனைப் பணியும் அதன் பின்னால் வந்தவை.

இந்த வழிகாட்டி அந்தத் தடத்தைப் பின்பற்றுகிறது. சி மொழியில் பாயின்டர் வரை தெரிந்த, கெர்னல் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்காத ஒருவருக்காக எழுதுகிறேன்.

1. வேலையின் தன்மையைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண நிரல் தவறு செய்தால் அந்த நிரல் மட்டும் சாகும். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே ஓடுவதால் அதன் தவறு முழுக் கணினியையும் வீழ்த்தும். 2024 ஜூலை 19 அன்று உலகம் அதைக் கண்ணால் பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளில் கெர்னலுக்குள் ஓடும் பகுதிக்கு ஒரு தரவுக் கோப்பு அனுப்பப்பட்டது. அந்தக் கோப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. இல்லாத இருபத்தொன்றாவது மதிப்பைப் படிக்கப் போய், வரிசையின் எல்லையைத் தாண்டி நினைவகத்தைத் தொட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள் தரையில் நின்றன, மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்பின.

எல்லைச் சோதனை ஒன்று விடுபட்டதன் விலை இது. இந்தத் துறையில் அனுபவத்துக்கு மதிப்பு இருப்பதற்கும், ஒரு வாரப் பயிற்சிக்கு நிறுவனங்கள் தயங்காமல் பணம் கொடுப்பதற்கும் இதுதான் காரணம். வேலைக்கும் பஞ்சமில்லை. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். புதிய சில்லு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டிரைவரைக் கேட்டுக்கொண்டுதான் சந்தைக்கு வருகிறது.

2. மூத்தவர்களின் பின்னணியைக் கூர்ந்து படியுங்கள்

இதை ஒரு பயிற்சியாகவே செய்யச் சொல்கிறேன். யாரிடமிருந்து கற்கப் போகிறீர்களோ, யாரைப்போல ஆக விரும்புகிறீர்களோ, அவர் எதைத் தொட்டுக் கற்றார் என்று தேடுங்கள்.

இத்தாலியின் அலெஸாண்ட்ரோ ருபினி மின்னணுப் பொறியியல் படித்தவர். பட்டம் வாங்கிய கையோடு லினக்ஸ் 0.99.14 பதிப்பை நிறுவிப் பார்த்தார். பிறகு பவியா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம். லினக்ஸின் எழுத்துத் திரையில் மவுஸை வேலை செய்யவைக்கும் ஜிபிஎம் என்ற சிறிய மென்பொருளைப் பராமரித்தார். பத்திரிகைக்குக் கெர்னல் பற்றித் தொடர் எழுதினார். 1998ல் லினக்ஸ் டிவைஸ் டிரைவர்கள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறித் தனித்து டிரைவர் எழுதியே வாழ்ந்தார். ஆலோசகர் என்ற பட்டம் வருவதற்கு முன்பே மவுஸும் கட்டுரைகளும் அவருக்கு வழி போட்டுவிட்டன.

அந்தப் புத்தகத்தின் அடுத்த பதிப்புகளில் சேர்ந்துகொண்டவர் ஜோனதன் கார்பெட். 1981ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியர் இவரைப் பிஎஸ்டி யுனிக்ஸின் நினைவகப் பக்கங்களைக் கையாளும் நிரலில் கைவைக்க விட்டார். பின்னர் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தில் வேலை. 1998ல் எலிசபெத் கூல்பாவுடன் சேர்ந்து எல்டபிள்யூஎன் என்ற செய்தி இதழைத் தொடங்கினார். கெர்னலில் நடக்கும் மாற்றங்களை வாராவாரம் விளக்கும் பணி இன்றுவரை அங்கே நடக்கிறது. எழுதுகிறவர் என்பதால் நிரல் எழுதுவதை விட்டுவிடவில்லை. குழந்தைகளுக்கான மலிவு மடிக்கணினித் திட்டத்துக்காக 2006ல் ஓவி7670 என்ற கேமரா சில்லுக்கு டிரைவர் எழுதினார். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். சில்லு நிறுவனம் கொடுத்த தொடக்க மதிப்புகளின் நீண்ட பட்டியலுக்கு மேலே, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருள் காண முடியவில்லை என்று வெளிப்படையாகக் குறிப்பு எழுதியிருக்கிறார். தெரிந்ததையும் தெரியாததையும் நிரலிலேயே பிரித்துச் சொல்லும் இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் எழுத்தை ஏராளமானோர் நம்பிப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாமவர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன். யுஎஸ்பி-சீரியல் டிரைவரில் அவருடைய பதிப்புரிமைக் குறிப்பு 1999லிருந்து தொடங்குகிறது. ஐபிஎம், பிறகு சூசே என்று வேலை பார்த்தவர், 2012 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் இருக்கிறார். அந்த டிரைவரில் தொடங்கி யுஎஸ்பி பகுதி முழுவதற்கும், அங்கிருந்து எல்லா டிரைவர்களும் நிற்கும் அடித்தளத்துக்கும் பொறுப்பாளர் ஆனார். 2007ல், லினக்ஸ் டிரைவர் வேண்டும் நிறுவனங்களுக்கு இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதன் வழியாக எத்தனையோ புதியவர்கள் உள்ளே வந்தார்கள்.

பின்னணி எவ்வளவு தூரம் விலகியிருக்கலாம் என்பதற்கு ஜெர்ரி கூப்பர்ஸ்டீன் நல்ல உதாரணம். அணு வானியற்பியலில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர், 1994 முதல் லினக்ஸைத் தொட்டவர், 2009ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் பயிற்சித் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். நம் பக்கத்தில் பெங்களூரின் கைவான் பில்லிமோரியா 1983ல் அப்பாவின் ஐபிஎம் கணினியில் பேசிக் மொழியைத் தானாகக் கற்றவர். டாஸ், யுனிக்ஸ் வழியாக 1997 வாக்கில் லினக்ஸுக்கு வந்து, கெர்னல் நிரலாக்கம் பற்றிப் புத்தகங்கள் எழுதி, நிறுவனங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்.

விண்டோஸ் பக்கத்தின் கதை சற்று வேறு. டேவிட் சாலமன், டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் விஎம்எஸ் இயங்குதளக் குழுவில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அதே விஎம்எஸ்ஸை உருவாக்கிய டேவ் கட்லர் 1988ல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் விண்டோஸ் என்டியை வடிவமைத்தார். ஒவ்வொரு உள்ளீட்டு, வெளியீட்டு வேண்டுகோளையும் ஒரு பொட்டலமாகக் கட்டி டிரைவரிடம் கொடுக்கும் முறை விஎம்எஸ்ஸில் இருந்தது. என்டியிலும் கிட்டத்தட்ட அதே பெயரில் தொடர்ந்தது. பழைய வடிவமைப்பை உள்ளிருந்து அறிந்தவரால் புதியதைப் பிறருக்கு எளிதாக விளக்க முடிந்தது. சாலமன் என்டியின் உட்புறத்தைக் கற்பிப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். பின்னாளில் அவரோடு சேர்ந்து கற்பித்த மார்க் ரஸினோவிச், கார்னகி மெலனில் 1994ல் முனைவர் பட்டம் பெற்றவர். கோப்புகளை யார் எப்போது தொடுகிறார்கள் என்று காட்டும் ஃபைல்மான் போன்ற கருவிகளை எழுதி, 1996ல் இலவசமாக வெளியிடத் தொடங்கினார். அவற்றின் இதயம் ஒரு டிரைவர்தான். 2006ல் அவருடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது.

இவர்களில் ஒருவர்கூட ஆசிரியராகத் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

3. ஒரு தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

லினக்ஸா, விண்டோஸா என்று முடிவு செய்யாமல் இரண்டையும் கொறிப்பவர்கள் இரண்டிலும் ஆழம் போவதில்லை. லினக்ஸில் எல்லா நிரலும் கண்முன் கிடக்கிறது, நீங்கள் செய்த வேலை உங்கள் பெயரோடு நிரந்தரமாகப் பதிவாகிறது. புதியவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை. விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் மாதிரி டிரைவர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, விண்டிபக் என்ற பிழைநீக்கி மிகச் சிறந்தது, டிரைவர் வெரிஃபையர் தவறுகளை வலிந்து வெளியே கொண்டுவரும். ஆனால் 64 பிட் விண்டோஸ் 10ன் 1607 பதிப்பிலிருந்து புதிய கெர்னல் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் வேண்டும். சோதனைக் கணினியில் அதைத் தளர்த்திக்கொள்ளலாம் என்றாலும் பிறரிடம் கொடுக்க நிறுவனப் பின்புலம் தேவைப்படும். ஏற்கெனவே விண்டோஸ் நிறுவனத்தில் வேலையில் இருப்பவர் அங்கேயே தொடரட்டும். மற்றவர்களுக்கு லினக்ஸைத்தான் பரிந்துரைப்பேன். அடுத்த படிகளையும் அதை வைத்தே சொல்கிறேன்.

4. ஒரே ஒரு சாதனத்தை முழுதாகக் கற்றுத் தீருங்கள்

இதுதான் உயிர்நாடியான படி. பெரும்பாலானோர் தவறவிடுவதும் இதைத்தான். "வணக்கம் உலகம்" என்று அச்சிடும் கெர்னல் மாட்யூலை (ஓடும் கெர்னலில் ஏற்றும் துண்டு நிரலை) எழுதிவிட்டு நேராகப் பெரிய புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த மாட்யூலுக்குப் பின்னால் சாதனம் எதுவும் இல்லை. ஒரு வன்பொருள் உங்களை எதிர்த்துப் பேசும்போதுதான் டிரைவர் எழுதுவது என்னவென்று தெரியும்.

என் பரிந்துரை டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது; ராஸ்பெர்ரி பை அல்லது பீகிள்போன் போன்ற சிறு கணினிப் பலகையோடு நான்கு கம்பிகளில் இணைத்துவிடலாம். ஓர் எச்சரிக்கை: சந்தையில் பரவலாக விற்கும் நீலநிறச் சிறு பலகையில் பேட்டரிக்கு மின்னேற்றும் சுற்று இருக்கும். மின்னேற்றக் கூடாத சாதாரண நாணய பேட்டரியைப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி வீங்கும். 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள்.

இப்போது சில்லின் தரவுத்தாளை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். சில்லின் ஐ2சி (சில்லுகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் தடம்) முகவரி பதினாறடிமானத்தில் 68 என்று இருக்கும். பலகையில் ஐ2சி தடத்தை ஆராயும் கருவியை ஓட்டினால் கட்டத்தில் 68 தெரியும். பக்கத்திலேயே 57 என்றும் ஒன்று தெரியலாம், அது அதே பலகையில் ஒட்டியிருக்கும் சிறு நினைவகச் சில்லு. எம்பியு6050 என்ற அசைவு உணரியும் 68 என்ற முகவரியையே பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரே தடத்தில் மாட்டினால் என்ன ஆகும், எப்படித் தீர்ப்பது என்பது ஆலோசகர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. நீங்கள் முதல் நாளிலேயே அதைச் சந்திக்கிறீர்கள்.

அடுத்து நொடிகள் இருக்கும் ரிஜிஸ்டரை, அதாவது சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடத்தை, படியுங்கள். 59ஆவது நொடியில் கிடைக்கும் பைட்டை அப்படியே எண்ணாக எடுத்துக்கொண்டால் 89 வரும். சில்லு ஒவ்வொரு பத்தடிமான இலக்கத்தையும் நான்கு பிட்களில் தனித்தனியே வைக்கிறது; நீங்கள்தான் மாற்ற வேண்டும். மாதத்தைப் படியுங்கள். அந்த ரிஜிஸ்டரின் உச்சிப் பிட் மாதத்தைச் சேர்ந்ததே இல்லை. ஆண்டு 99லிருந்து 00க்குத் திரும்பும்போது புரளும் நூற்றாண்டுக் குறி அது. அது ஏறியிருக்கையில் மறைக்காமல் படித்தால் மே மாதம் 85ஆவது மாதமாகத் தெரியும். இதற்கு மேல் கெர்னல் தன் பங்குக்கு மாதத்தைப் பூஜ்யத்திலிருந்தும் ஆண்டை 1900லிருந்தும் எண்ணுகிறது. ஆகவே 2025 என்பது கெர்னலுக்குள் 125.

இன்னும் ஒரு ரிஜிஸ்டரில், கடிகாரத்தின் அலைவு எப்போதாவது நின்றிருந்தால் ஏறும் ஒரு கொடி உண்டு. அது ஏறியிருந்தால் சில்லு காட்டும் நேரம் பொய்யாக இருக்கலாம். கெர்னலில் ஏற்கெனவே இருக்கும் டிரைவர், இந்தக் கொடியைக் கண்டால் நேரத்தைச் சரிசெய்யும்படி பதிவில் எச்சரிக்கிறது. நேரத்தைப் படித்துக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கும், இந்த நேரத்தை நம்பலாமா என்று சில்லிடமே கேட்பவருக்கும் உள்ள தூரம்தான் மாணவருக்கும் ஆலோசகருக்கும் உள்ள தூரம்.

உங்கள் டிரைவரை முதலில் நீங்களாக எழுதுங்கள். பிறகு கெர்னலில் இருக்கும் டிஎஸ்1307 கடிகார டிரைவரைத் திறந்து ஒப்பிடுங்கள். டிஎஸ்3231 உட்பட ஒரு குடும்பச் சில்லுகள் அனைத்தையும் அது ஒன்றே கையாளுகிறது. ஏன் ஒரே கோப்பில் இத்தனை சில்லுகள், வேறுபாடுகளை அட்டவணையாக எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு அலாரத்தைச் சேருங்கள். அங்கே இன்டரப்ட், அதாவது சாதனம் செயலியைக் குறுக்கிட்டு அழைக்கும் சமிக்ஞை, வரும். ஐ2சி தடத்தில் பேசுவது காத்திருக்கும் வேலை. இன்டரப்ட் கையாளும் நிரலோ காத்திருக்கக் கூடாது. இந்த முரணைத் தீர்க்கத்தான் தாமஸ் க்ளைக்ஸ்னர் 2009ல் இன்டரப்ட்டைத் தனி இழையில் கையாளும் வசதியைக் கெர்னலில் சேர்த்தார். புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தியாகக் கடந்துபோகும் செய்தி, கையில் சில்லு இருக்கும்போது வாழ்நாள் முழுக்க மறக்காது.

5. கெர்னல் விழுந்த இடத்தைப் படிக்கப் பழகுங்கள்

ஆலோசகரை அழைப்பவர்களில் பலர் கையில் ஏந்தி வருவது, கெர்னல் தவறிவிழும்போது அச்சிடும் ஊப்ஸ் அறிக்கையைத்தான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை தேடி வரும்.

கியூஇமு மெய்நிகர் கணினியில் கெர்னலை ஓட்டி, வேண்டுமென்றே வெற்று ஸ்ட்ரக்சர் பாயின்டர் ஒன்றின் உறுப்பைத் தொடும் மாட்யூலை ஏற்றுங்கள். வரும் அறிக்கையில் தொட முயன்ற முகவரி பூஜ்யமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் பதினாறடிமானத்தில் 18 என்பதுபோல ஒரு சிறிய எண் இருக்கும். பத்தடிமானத்தில் அது 24. ஏதோ ஒரு ஸ்ட்ரக்சரின் பாயின்டர் வெற்றாக இருந்திருக்கிறது, அதன் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளியிருக்கும் உறுப்பை நிரல் கேட்டிருக்கிறது. 64 பிட் கணினியில் ஒரு பாயின்டருக்கு எட்டு பைட். எனவே மூன்று பாயின்டர்களுக்கு அடுத்த உறுப்பாக இருக்கலாம். ஸ்ட்ரக்சரின் அமைப்பை அச்சிட்டுக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு எந்த உறுப்பு என்று உறுதி செய்யலாம். மூல நிரலைத் திறப்பதற்கு முன்பே குற்றவாளியின் அடையாளம் பாதி தெரிந்துவிடுகிறது.

இதோடு கெர்னலிலேயே இருக்கும் இரண்டு காவலர்களை எப்போதும் இயக்கி வையுங்கள். பூட்டுகளை எடுக்கும் வரிசையில் முட்டுக்கட்டை வரக்கூடுமா என்று பார்க்கும் லாக்டெப், நினைவக எல்லை மீறலைப் பிடிக்கும் காசான். வேகம் குறையும், கற்கும் காலத்தில் வேகம் தேவையில்லை.

6. பேட்ச் அனுப்புங்கள்

பேட்ச் என்பது நிரலில் செய்த மாற்றத்தை மட்டும் காட்டும் சிறு கோப்பு. மருத்துவருக்குப் பட்டம்போல இந்தத் துறையில் கெர்னலின் மாற்ற வரலாற்றில் உங்கள் பெயர். அதில் தேடிப் பார்க்காமல் எந்த விவரமான வாடிக்கையாளரும் ஆலோசகரை அமர்த்துவதில்லை.

ஸ்டேஜிங் என்ற அடைவு புதியவர்களுக்குத் தோதான இடம். இன்னும் தரம் எட்டாத டிரைவர்களை வைத்து மெருகேற்றுவதற்காகக் க்ரோ-ஹார்ட்மன் 2008ல் அதை உருவாக்கினார். தொடக்கத்தில் இடைவெளி, வரி நீளம் போன்ற நடைத் திருத்தங்கள் போதும். நோக்கம் நடைமுறையைப் பழகுவது. நடையைச் சோதிக்கும் நிரலை ஓட்டுங்கள். எந்தப் பராமரிப்பாளருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லும் நிரலும் கெர்னலோடு வருகிறது, அதையும் ஓட்டுங்கள். மின்னஞ்சல் வெற்று எழுத்தாக இருக்க வேண்டும், இணைப்பாக அனுப்பக் கூடாது. அடியில் உங்கள் பெயரோடு ஒப்புதல் வரி இட வேண்டும். இந்த நிரலைக் கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்ற அந்த உறுதிமொழி 2004லிருந்து கட்டாயம்.

விளக்கப் பகுதியில் என்ன மாற்றினேன் என்பதைவிட ஏன் மாற்றினேன் என்பதை எழுதுங்கள். நல்ல விளக்கம் எழுதப் பழகியவர் பாதி ஆசிரியர் ஆகிவிட்டார் என்பது என் உறுதியான கருத்து. பதில் கடுமையாக வரலாம். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அதனதன் கீழேயே விடை எழுதி, திருத்திய இரண்டாம் பதிப்பில் என்ன மாறியது என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். பதிலே வரவில்லை என்றால் ஓரிரு வாரம் பொறுத்துப் பணிவாக நினைவூட்டுங்கள். நடைத் திருத்தங்களிலேயே தங்கிவிடாமல், நீங்கள் முழுதாகக் கற்ற சாதனத்தின் டிரைவருக்குச் சீக்கிரம் திரும்புங்கள். வழிகாட்டல் தேவைப்பட்டால் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் ஷுவா கான் நடத்திவரும் கெர்னல் பயிற்றுநர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

7. ஆசிரியரை எடைபோடுங்கள்

பணம் கட்டிப் படிக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் எழுதிய டிரைவர் எங்கே இருக்கிறது? பயிற்சி எந்தக் கெர்னல் பதிப்பில் நடக்கிறது? வகுப்பில் உண்மையான பலகை உண்டா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கெர்னல் பதிப்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன டிவைஸ் டிரைவர் புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு 2005ல் 2.6.10 கெர்னலை வைத்து எழுதப்பட்டது. கருத்துகளை விளக்கும் அழகுக்கு இன்றும் அதை இலவசமாக எடுத்துப் படிக்கலாம்; ஆனால் அதில் உள்ள நிரல்களில் பல இன்றைய கெர்னலில் கம்பைல் ஆகவே ஆகாது. பழைய குறிப்புகளை அப்படியே ஒப்பிக்கும் பயிற்சி நிலையங்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

8. சரியான வேலையில் சேருங்கள்

ஆலோசகராவதற்கு முன் பல ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் உழைக்கத்தான் வேண்டும். புதிய பலகைக்கு முதன்முதலாக உயிர் கொடுக்கும் குழு கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். மின்சுற்று வரைபடத்தையும் அலைவுகாட்டியையும் நிரலையும் ஒரே மேசையில் வைத்துக் கற்க வேறு வாய்ப்பு இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985ல் பெங்களூருக்கு வந்ததிலிருந்து இந்தியாவில் சில்லு வடிவமைப்பு வேரூன்றியிருக்கிறது. சென்னை ஐஐடியில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த செயலிக் கட்டளைத் தரத்தின் அடிப்படையில் உருவான சக்தி செயலிக் குடும்பமும் இருக்கிறது. சோதனைக் குழுவில்தான் இடம் கிடைக்கிறதா, அதுவும் நல்ல வாசல்தான்; டிரைவர்கள் எப்படியெல்லாம் உடைகின்றன என்பதை அங்கே இருப்பவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

9. கற்பிக்கத் தொடங்குங்கள்

பக்கத்து மேசைக்காரருக்கு விளக்குவதில் தொடங்குங்கள். ஒவ்வொரு சிக்கலையும் தீர்த்த அன்றே, அறிகுறி என்ன, எங்கே தேடினேன், காரணம் என்ன என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். நிறுவன ரகசியம் இல்லாதவற்றை வெளியிடுங்கள். சில ஆண்டுகளில் அந்தப் பக்கங்களே பாடத்திட்டமாகிவிடும்.

பாடம் எப்படி அமைய வேண்டும் என்று பார்க்க பூட்லின் நிறுவனத்தின் பாடக் குறிப்புகளைப் படியுங்கள். மைக்கேல் ஓப்டெனாக்கர் 2004ல் ஃப்ரீ எலக்ட்ரான்ஸ் என்ற பெயரில் பிரான்சில் தொடங்கிய நிறுவனம் அது; 2018ல் பெயர் மாறியது. தாங்கள் கற்பிக்கும் பாடங்கள் அனைத்தையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கெர்னல் வகுப்பில் மாணவர்கள் டிரைவர் எழுதுவது, வீடியோ விளையாட்டுக்கான கைக்கருவியான நன்சக்குக்கு. ஐ2சி தடத்தில் இணையும் மலிவான பொருள். பொத்தானை அழுத்தினால் திரையில் பலன் தெரியும். அந்தத் தேர்வில் இருக்கும் ஆசிரிய அறிவை எண்ணிப் பாருங்கள். பாடத்தை இலவசமாகக் கொடுத்ததால் அவர்கள் தொழில் நசிந்துவிடவில்லை; மார்வெல் நிறுவனத்தின் ஆர்மடா சில்லுகளுக்கு லினக்ஸ் ஆதரவைக் கெர்னலில் சேர்த்த பெரிய வேலை தாமஸ் பெத்தாசோனி உள்ளிட்ட அவர்கள் பொறியாளர்கள் செய்தது. விண்டோஸ் பக்கத்தில் 1987 முதல் இயங்கும் நியூ ஹாம்ப்ஷயரின் ஓஎஸ்ஆர் நிறுவனமும் பயிற்சியையும் ஆலோசனையையும் ஒன்றாகவே நடத்துகிறது. வாடிக்கையாளரின் சிக்கல் அடுத்த வகுப்புக்கு உதாரணமாகிறது. வகுப்பில் படித்தவர் அடுத்த வாடிக்கையாளராகத் திரும்பி வருகிறார்.

உங்கள் வகுப்பிலும் விரிவுரை பாதிக்கு மேல் போக விடாதீர்கள். மாணவரின் கெர்னல் அவர் கையாலேயே விழட்டும், அவரே எழுப்பட்டும்.

10. ஆலோசனைக்கு இறங்குமுன்

எதற்குப் பணம் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸ் கெர்னலின் உட்புற இடைமுகங்கள் நிலையானவை அல்ல. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. தங்கள் டிரைவரைக் கெர்னலில் சேர்க்காமல் வெளியே வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பழைய கெர்னலில் சிக்கிய டிரைவரைப் புதியதற்குக் கொண்டுவருவது, பின்னர் அதைக் கெர்னலிலேயே சேர்த்துக் கொடுப்பது, நிற்காமல் விழும் ஒரு கருவியின் காரணத்தைக் கண்டுபிடிப்பது, நிரல் ஆய்வு ஆகியவைதான் பெரும்பாலும் வரும் வேலைகள்.

காரணம் தெரியாத பிழையை மொத்தத் தொகை பேசி எடுக்காதீர்கள். குற்றம் வன்பொருளில்கூட இருக்கலாம். தரவுத்தாளோடு நிற்காமல் சில்லு நிறுவனம் வெளியிடும் பிழைத்திருத்தப் பட்டியலையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். அத்தகைய வேலைக்கு நாட்கணக்கில் கூலி பேசி, குறிப்பிட்ட நாளில் கண்டறிந்தவற்றை அறிக்கையாகத் தருவதாக ஒப்புக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது தெளிவாக இருக்கும் வேலைக்கு மட்டும் மொத்தத் தொகை.

ஒப்பந்தத்தில் இரண்டு பிரிவுகளை விடாமல் கேளுங்கள். ஒன்று, கெர்னலின் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தின் கீழ் வரும் மாற்றங்களை உங்கள் பெயரில் பொதுவில் அனுப்பலாம் என்ற அனுமதி. அது இல்லாவிட்டால் ஐந்தாண்டு உழைத்தும் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. இன்னொன்று, வாடிக்கையாளரின் பெயரும் பொருளும் தெரியாதபடி சிக்கலை மட்டும் பயிற்சியில் எடுத்துச் சொல்லும் உரிமை. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேட்டால் பெரும்பாலான நிறுவனங்கள் கொடுக்கின்றன. வேலை முடிந்த பிறகு கேட்டால் சட்டப் பிரிவுக்குப் போன மின்னஞ்சலுக்குப் பதில் வருவதில்லை.